பச்சையம்மா கடல் பார்த்த ஞாயிறு

சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். அதுவரை காதை அடைத்துக்கொண்டிருந்த இரைச்சல் நின்றதும் சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கடல் கேட்டது.

அதைக் கேட்பதற்காகத்தான் அணைத்தேன், வேறு காரணமில்லை. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். மணலின் சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. உப்பும் மீனும் வெயிலில் காய்கிற கயிறும் கலந்து ஒரு வாசனை. பானெட்டைத் தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய பால் பாத்திரம்போல் சுட்டது.

"வந்துட்டோம்டி" என்றேன் வண்டியிடம். பக்கத்தில் ஆள் யாருமில்லை, அதனால் சத்தமாகவே சொன்னேன்.

எஞ்சினை அணைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது அதற்கப்புறம் வெகு நேரம் கழித்துத்தான் உறைத்தது. அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால் வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்னுடைய குழந்தைப் பருவம், பள்ளிக்கூடம், அம்பத்தூர் எஸ்டேட் வேலை என்று இந்தத் தொடரில் இத்தனை வாரம் பொறுமையாகப் படித்தவர்கள் இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். இது என் கதையைவிட நல்ல கதை.

பெயர் விழுந்து போனவள்

எண்பதுகளின் நடுவில், ஆவடி பக்கத்துக் கோவில்பதாகையில் இருந்த என் வீட்டுக்காரர் ஏழுமலையின் குடும்ப நிலம் மனைகளாகப் போனது. நெல் விளைந்த இடத்தில் வெள்ளைக் கல் நட்டார்கள். பங்காளிகள் எல்லோரும் தங்கள் பங்கில் மாடி எடுத்தார்கள், பெண்ணுக்கு நகை செய்தார்கள். இவர் ஒரு கார் வாங்கினார். அதுவும் பழைய கார். ஊரை விட்டுப் போகிற ஓர் அதிகாரி வீட்டுத் தோட்டத்தில், சப்போட்டா மரத்தடியில் அது நின்றிருந்தது. பின் சீட்டில் கோழிகள் குடியிருந்தன.

"இன்னாத்துக்குங்க இது?" என்று கேட்டேன்.

"புட்சிருந்திச்சி" என்றார்.

அவ்வளவுதான் பதில். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன அன்றும் தன் வீட்டில் இந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னாராம். அதனால் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

என்ன கம்பெனி வண்டி என்று கேட்டு எழுதாதீர்கள். மூக்குக்கு மேல் இருக்க வேண்டிய பெயர்ப்பலகை எங்களிடம் வருவதற்கு முன்பே விழுந்துவிட்டது. இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. பார்த்த மெக்கானிக்குகள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். சீமையில் செய்த வண்டி என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒற்றுமை. பச்சை நிறம். முதல் பூஜையைத் திருமுல்லைவாயில் பச்சையம்மன் கோயிலில் போட்டோம். பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

அழகி என்றால் அப்படி ஓர் அழகி. உருண்டை முகம், அகலக் கண்கள். கதவைச் சாத்தினால் பெட்டி மூடுகிற மாதிரி 'தொப்' என்று கனமாக ஒரு சத்தம். உள்ளே தோல் சீட்டின் வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்திருக்கும், கோழி வாசனை மட்டும் ஒரு வருடத்தில் போய்விட்டது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அவளுடைய கை. இந்தக் கால வண்டி மாதிரி திரும்பும்போது விளக்கு மினுக்காது. கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணிலிருந்து சின்னதாக ஒரு கை வெளியே நீளும், திரும்பி முடித்ததும் உள்ளே போய்விடும். தண்ணீர்க் குடத்தோடு நிற்கிற பெண்கள் அந்தக் கையைப் பார்ப்பதற்காகவே நான் திரும்பும் வரை காத்திருப்பார்கள்.

எங்கே மேடு, எங்கே பள்ளம்

அவளிடம் ஒரே ஒரு குறை. ஸ்டார்ட்டர். வாங்கிய மறு வருடமே அது போய்ச் சேர்ந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடியும் மாற்றுச் சாமான் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஆவடியில் ஒரு பெரிய தொழிற்சாலையில் ஃபிட்டர். அவரும் பல ஞாயிற்றுக்கிழமைகளைக் கழற்றுவதிலும் மாட்டுவதிலும் செலவழித்துவிட்டு, கடைசியில் வேறு வழி கண்டுபிடித்தார்.

எங்கள் வீடு பருத்திப்பட்டு ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. கரைமேல் ஏறுகிற மண்பாதையில், முகம் கீழே பார்க்கும்படி வண்டியை நிறுத்துவோம். முன் சக்கரங்களுக்கு இரண்டு கருங்கல் முட்டு. கிளம்பும்போது கல்லை எடுத்தால் வண்டி தானாக உருளும். உருளும்போது கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் ஒரு குலுக்கல், ஓர் இருமல், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். இதற்கு ஸ்டார்ட்டர் எதற்கு?

இப்படியே வருடங்கள் ஓடின. மற்றவர்கள் ஓர் ஊரில் கோயிலைத் தேடுவார்கள், ஓட்டலைத் தேடுவார்கள். நாங்கள் சரிவைத் தேடுவோம். ஆவடி மார்க்கெட்டுக்குப் போனால் ஸ்டேஷனுக்குப் பின்னால் சரளை கொட்டிய மேடு. நான் ரெடிமேட் கம்பெனியில் தையல் சூப்பர்வைசராக இருந்த அம்பத்தூர் எஸ்டேட்டில், லாரிக்குச் சரக்கு ஏற்றுகிற சாய்தளம். பூந்தமல்லிப் பக்கம் போனால் சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் சரிவு. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களிடம் இவர் முதலில் கேட்பது, "மண்டபம் மேட்ல கீதா, பள்ளத்துல கீதா?" என்பதுதான். பத்திரிகை வைத்தவர்கள் விழிப்பார்கள்.

ஏரிக்குள் போன கைப்பிடி

ஸ்டார்ட்டர் இல்லாத பழைய வண்டிக்கு முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றுவார்களே, அது இல்லையா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். இருந்தது. ஒரு தீபாவளிக்கு முதல் நாள், மழையில் கரையெல்லாம் சேறாகிவிட, இவர் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைத்தது. இவருடைய இடது மணிக்கட்டு உடைந்தது. கை போன வழியே கைப்பிடியும் போகட்டும் என்று அதைப் பிடுங்கி, உடைந்த கையோடு ஏரியில் வீசி எறிந்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான்.

கட்டு பிரித்தபோது கை கோணலாகவே நின்றுவிட்டது. தொழிற்சாலையில் வேலைக்குப் பாதகமில்லை. ஆனால் பச்சையம்மாவின் கியர் தண்டு ஸ்டியரிங்குக்கு இடது பக்கம் இருந்தது. அதை இழுத்து மாற்றுகிற பலம் அந்தக் கைக்கு வரவில்லை.

அதனால் நான் கற்றுக்கொண்டேன். சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கோடையில் ஏரி வற்றிக் கட்டாந்தரையாகக் கிடக்கும். அதுதான் எனக்கு டிரைவிங் ஸ்கூல். மோதுவதற்கு எதுவும் இல்லை, எருமைகளைத் தவிர. "கிளட்ச உடு, கிளட்ச உடு, ஐயோ மெதுவா உடு" என்று அவர் கத்தியது கரையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். ஒரு மாதத்தில் வெடிப்பு விழுந்த ஏரி முழுவதும் என் டயர் கோலம்.

எனக்கு லைசென்ஸ் வந்தது. நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். தொழிற்சாலையில் கூட வேலை செய்கிறவர்கள், "இன்னா மச்சான், ஊட்ல அவங்கதான் டிரைவரா?" என்று சிரிப்பார்கள். இவரும் கூடச் சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிடும். அந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குத் தன் கைதான் தெரிந்திருக்கிறது. எனக்கு அது அப்போது புரியவில்லை. வண்டியை விற்கிறேன் என்று அவர் ஆரம்பித்தபோதுதான் புரிந்தது.

பந்தயம்

சென்னீர்குப்பத்தில் முனுசாமி என்று ஒருவர் கொட்டகை போட்டிருந்தார். பழைய வண்டிகளை வாங்கி உடைத்து, உதிரியாகவும் இரும்பாகவும் விற்பவர். அவர் ஒருநாள் வந்து பச்சையம்மாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

"கனமான தகடு நைனா. ஞாயித்துக்கெயம சாய்ந்தரம் வந்து இட்டுகினு பூட்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தகடாம். 

"ஒடைக்கிறதுக்கா குடுக்கறீங்க?" என்றேன்.

"பின்ன இன்னா பண்றது? வண்டின்னா நாலு எடத்துக்குப் போவணும். இது ஏரிக்கரைய உட்டா எஸ்டேட்டு, எஸ்டேட்ட உட்டா கோயிலு. மேடு இல்லாத ஊருக்குப் போவ முடியுமா? இது கரைமேல கட்டி வச்ச மாடு."

"எங்க போவணும், சொல்லுங்க."

"கடலுக்குப் போவுமா?"

"போவும்."

"யாரு ஓட்றது?"

"நான்தான். இந்த ஊட்ல வேற யாரு கீறாங்க ஓட்றதுக்கு?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் தன் கையைப் பார்த்தார். 

"சரி, போ. ஞாயித்துக்கெயம தனியா போ. விளக்கு வைக்கிறதுக்குள்ள திரும்பி வந்து இதே கல்லுல நிறுத்து. நிறுத்திட்டன்னா முனுசாமிய நானே திருப்பி அனுப்பிட்றேன். இல்லன்னா அவன் இட்டுகினு போவட்டும். அப்பறம் நீ ஒரு வார்த்த பேசக் கூடாது."

"சம்மதம்" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

விளக்கு வைப்பது என்று எங்கள் வீட்டில் சொல்வது, பொழுது சாய்ந்ததும் சாமி மாடத்தில் எண்ணெய் விளக்கு ஏற்றுவதை. அதை ஏற்றிய பிறகுதான் டியூப் லைட் ஸ்விட்சைத் தொடலாம். மாமியார் காலத்திலிருந்து வருகிற பழக்கம். ஏற்றுவது என் வேலை. எஸ்டேட்டில் ஓவர்டைம் பார்த்து நான் வர நேரமானால் இவரே ஏற்றிவிடுவார், காத்திருக்க மாட்டார்.

போன வழி

பிள்ளைகள் இருவரும் லீவுக்கு என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். காலையில் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு, ரேடியேட்டருக்கு இரண்டு கேன் தண்ணீர் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் கல்லை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.  நான் கரையை விட்டு இறங்கித் திரும்பும்போது பச்சையம்மா கையை நீட்டினாள். கண்ணாடியில் பார்த்தேன். இவர் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார்.

பூந்தமல்லி, போரூர். லாரிகள் ஒலியெழுப்பிக்கொண்டே தாண்டிப் போயின. பரங்கிமலை அடிவாரத்தில் ஒரு நல்ல இறக்கமாகப் பார்த்து நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட்டு, டீ குடித்தேன். டீக்கடைக்காரர் வண்டிக்குள் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாத்தே எங்கம்மா?" என்று கேட்டார்.

"ஊட்ல கீறாரு" என்றேன்.

"அப்ப வண்டிய யாரு ஓட்னாங்க?"

நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டு, ஏறி உட்கார்ந்து, பிரேக்கை விட்டு உருண்டு, எஞ்சினைப் பிடிக்க வைத்துக் காட்டினேன். அதைவிட நல்ல பதில் கிடையாது.

திருவான்மியூர் தாண்டியதும் ரோடு ஒடுங்கியது. ஒரு பக்கம் சவுக்கு, ஒரு பக்கம் வெட்டவெளி. காற்றில் ஈரம் வந்தது. ஆவடிக்காரர்களுக்குக் கடல் என்றால் காணும் பொங்கலன்று கூட்டத்தோடு போய், கூட்டத்தின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான். எனக்கே எனக்காக, நானே ஓட்டிக்கொண்டு, எனக்குப் பிடித்த வேகத்தில் ஓர் இடத்துக்குப் போனது அதுதான் வாழ்க்கையில் முதல் தடவை.  பச்சையம்மா ஒரு முறைகூடத் திக்கவில்லை. அவளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

கோவளத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மீனவர் குப்பம். மண்பாதையில் இறங்கி, தோப்பு தொடங்குகிற இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

கடலோரம் சமதரை

நான் காலை நனைத்தேன். அலையைப் பார்த்துக்கொண்டே சாதம் சாப்பிட்டேன், ஒரு காக்கைக்கும் போட்டேன். மணலில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைத் தலையில் போர்த்திக்கொண்டு, யாருக்கும் எந்தப் பதிலும் சொல்ல வேண்டாத ஒரு பொழுதை முழுதாக அனுபவித்தேன். வெயில் சற்று இறங்கியதும் எழுந்து, புடவையை உதறிக்கொண்டு வண்டிக்கு வந்து, சாவியைப் போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் கல்லை எடுக்கக் குனிந்தேன்.

கல் இல்லை. கல் வைக்கத் தேவையே இருந்திருக்கவில்லை. முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன். எங்கு பார்த்தாலும் அரிசி புடைத்த முறம்போல் தட்டையாக மணல். இத்தனை வருடம் எங்கே போனாலும் முதலில் மேட்டைத் தேடிய நான், கடல் சத்தத்தில் மயங்கி அந்த ஒரு நாள் தேடாமல் விட்டிருக்கிறேன்.

தனியாகத் தள்ளிப் பார்த்தேன். இம்மியும் நகரவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணுக்கு முன்னால் முனுசாமியின் சம்மட்டிதான் தெரிந்தது.

தோப்பைத் தாண்டி ஓடினேன். கொஞ்சம் தள்ளி, குப்பத்துப் பக்கம் கரையில் கூட்டம். ஆண்களும் பெண்களுமாக இரண்டு வரிசையில் நின்று, கடலுக்குள்ளிருந்து வருகிற இரண்டு நீளமான கயிறுகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரைவலை. வரிசையின் கடைசியில் இருந்த ஒரு பெண்ணிடம் போய், வண்டி நின்றுவிட்டது, கொஞ்சம் தள்ளிவிட ஆள் வேண்டும் என்றேன். அவள் பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. இழுப்பதை நிறுத்தாமலே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தள்றோம்மே. வல கர ஏறட்டும்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"வல வர நேரம். நடுவுல எவளும் கயிற உடக் கூடாது. ஒருத்தி உட்டா மீனு அம்புட்டும் பூடும்."

"எனக்கு விளக்கு வைக்கிறதுக்குள்ள ஆவடிக்குப் போவணும்மா. இல்லன்னா வண்டிய ஒடச்சிடுவாங்க."

"ஒடப்பாங்களா? யாரு?"

இழுத்துக்கொண்டே கேட்டாள், நான் கூட நடந்துகொண்டே சொன்னேன். கயிறு இழுக்கிறவர்கள் பின்னோக்கி நடந்து போவார்கள். கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் ஓடி, தண்ணீரோரத்தில் மறுபடி பிடிப்பார். இப்படியே சுற்றிச் சுற்றி. கதை முழுவதும் கேட்ட பிறகு அஞ்சலை சொன்னாள்:

"சும்மா நின்னுகினு அழுதா வல சீக்கிரம் வருமா? கைய வையி."

நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். தையல் மெஷினும் ஸ்டியரிங்கும் பிடித்த கை. ஈரக் கயிறு உள்ளங்கையை அரம்போல் அறுத்தது. முதலில் காலை எங்கே ஊன்றுவது என்றே தெரியவில்லை. பிறகு அவர்கள் போடுகிற குரலுக்கு என் காலும் தானாக நடக்க ஆரம்பித்தது. அந்தப் பெண்கள் யாரும் அவசரப்படவில்லை, யாரும் சோம்பவும் இல்லை. வயதானவள் ஒருத்தி, அவளும் தன் பங்கில் ஒரு பிடிகூடக் குறைக்கவில்லை. வலை வந்து சேர்வதற்குள் சூரியன் தோப்புக்கு மேலே இறங்கிவிட்டது. மீன்கள் மணலில் துள்ளின. மீனைப் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அஞ்சலை மீனைப் பிரிக்கப் போகவில்லை. "வாங்கடி" என்றாள். பெண்கள் ஐந்தாறு பேர் அப்படியே ஈரக் கையோடு வந்தார்கள். படகை உருட்டுவதற்குப் போடுகிற பலகைகளைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் போட்டார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் அதே குரல் எழுந்தது. பச்சையம்மாவைப் படகு என்றே நினைத்துக்கொண்டார்கள்போல. பலகையிலிருந்து கெட்டி மண்ணுக்கு ஏறி, வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டேன். குலுங்கினாள், இருமினாள், பிடித்துக்கொண்டாள்.

நிறுத்தி நன்றி சொல்ல முடியவில்லை. ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினேன். "போ, போ, வண்டிய உட்றாதே!" என்று அஞ்சலை பின்னாலேயே ஓடிவந்து கத்தினாள். இன்றைக்கும் அது என் காதில் இருக்கிறது. எத்தனையோ பெரிய மனிதர்களைப் பற்றி இந்தத் தொடரில் எழுதிவிட்டேன். அந்தப் பெண்களுக்கு ஈடாக ஒருவரையும் சொல்ல மாட்டேன்.

எல்லா வீட்டிலும் வெளிச்சம்

திரும்பும் வழியில் எங்கும் எஞ்சினை அணைக்கவில்லை. சிக்னலில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே நின்றேன். அடையாறில் ஒரு போலீஸ்காரர் ஏதோ கேட்க வந்தார். "அணைச்சா நீங்கதான் சார் தள்ளணும்" என்றேன். விசில் ஊதி வழிவிட்டுவிட்டார்.

பரங்கிமலையில் வானம் சிவந்திருந்தது. போரூரில் சாம்பல் நிறம். பூந்தமல்லிக்கு வந்தபோது கடைகளில் பல்பு போட்டுவிட்டார்கள். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. சென்னீர்குப்பத்தில் முனுசாமியின் கொட்டகையைத் தாண்டினேன். பூட்டியிருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தது. ஹெட்லைட்டைப் போட்டேன், ஒரு கண்தான் எரிந்தது.

அந்தக் கடைசி நாலு மைலும் அழுதுகொண்டே ஓட்டினேன். அவளைத் தட்டிக்கொடுத்து, "நீ ஒரு தப்பும் பண்ணலடி, நான்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. கண்ணில் பட்ட வீட்டிலெல்லாம் வெளிச்சம். ஜன்னல்களில் டியூப் லைட், வாசல்களில் குண்டு பல்பு. மெதுவாகக் கரைமேல் ஏற்றி, திருப்பி, பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். இருட்டில் ஒரு டார்ச் எரிந்தது. இவர் கல்லோடு நின்றிருந்தார். குனிந்து இரண்டு கல்லையும் முட்டுக் கொடுத்தார். நான் எஞ்சினை அணைத்தேன்.

டார்ச்சோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றியவர் பின்னால் நின்றார்.

"இன்னாது இது?"

போய்ப் பார்த்தேன். டிக்கியின் பச்சைமேல் வரிசையாகக் கைகள். கடல் தண்ணீர் காய்ந்து, உப்புப் பூத்து, விரல் விரலாக வெள்ளையாகப் பதிந்திருந்தது.

"சமதரையில நிறுத்திட்டேன். குப்பத்துப் பொம்பளைங்க தள்ளி உட்டாங்க. நானும் அவங்க கயிற இழுத்தேன்" என்று சொல்லிக் கையை விரித்துக் காட்டினேன். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. அவர் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, தன் கோணல் கையால் என் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"நான் தோத்துட்டேங்க. இருட்டிடிச்சி."

"நம்ம ஊட்டப் பாரு" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். தெரு முழுக்க வெளிச்சம். எங்கள் வீடு மட்டும் இருட்டாக இருந்தது. ஒரு பொட்டு விளக்குகூட இல்லை.  அப்போது வாசற்படியிலிருந்து முனுசாமியின் குரல் வந்தது.

"யம்மா, வந்துட்டியா? நல்லா கீற போ! ரொம்ப நேரமா என்ன இருட்டுல குந்த வச்சிகினு கீறாரும்மா உன் ஊட்டுக்காரரு. லைட்டப் போடு நைனான்னா போட மாட்டேன்றாரு. கொசு புடுங்கி எடுத்திடிச்சி!"

நான் இவரைப் பார்த்தேன்.

"நம்ம ஊட்ல விளக்கு வைக்கிறவ நீ. நீ வராம எப்படி விளக்கு வைக்கிறது?" என்றார். நான் நேரமாகி வந்த எத்தனையோ நாட்களில் இவரே ஏற்றிவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

உள்ளே போனேன். தடவித் தடவித் தீப்பெட்டியை எடுத்தேன். உரிந்த கையில் தீக்குச்சி நிற்கவில்லை, இரண்டு முறை அணைந்து மூன்றாவதில் பிடித்தது. மாடத்தில் சுடர் ஏறி நின்ற பிறகுதான் இவர் வாசலில் இருந்து எட்டி ஸ்விட்சைப் போட்டார். டியூப் லைட் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி எரிந்தது.

முனுசாமி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "அப்ப வண்டி?" என்றார்.

"விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துட்டா" என்றார் இவர். "நீதான் கூடவே குந்திகினு இருந்தியே, நீயே சாட்சி."